கம்பல்சரி ஆட்டம்

எங்கள் ரயிலில் 'எறங்கறேன்' என்றால் இரண்டு அர்த்தம். ஸ்டேஷன் வந்ததும் வண்டியை விட்டு இறங்குவது ஒன்று. அது ஊருக்கே தெரிந்தது. இன்னொன்று சீட்டாடுகிற எங்களுக்கு மட்டும். பதின்மூன்று சீட்டைக் கையில் விரித்துப் பார்த்துவிட்டு, 'இந்தக் கையை ஆடுகிறேன்' என்று சொல்வதற்கும் 'எறங்கறேன்' என்றுதான் சொல்வோம். ஆட வேண்டாம் என்று சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டால் அதற்குப் பெயர் ஸ்கூட். ஒருநாள் காலை நான் வாய்தவறிச் சொன்ன 'எறங்கறேன்' எந்த எறங்கறேன் என்று ஒரு பெட்டியே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. சண்டை அவர்களுக்கு வேடிக்கை. எனக்கு அதில் மாட்டிக்கொண்டிருந்தது என் பெண்டாட்டியும் அவள் வயிற்றில் இருந்த பிள்ளையும்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை முளைத்துக்கொண்டிருந்தது. நெல் அறுத்த வயலில் முள்கம்பி வேலி, வேலிக்குள் தகரக் கூரை, கூரைக்குக் கீழே எங்கிருந்தோ வந்து இறங்கிய இயந்திரங்கள். இரும்புக் கம்பி உருட்டுகிற ஒரு புது ஆலையில் நான் இயந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர். வீடு மீஞ்சூரில். காலையில் ஊரே பட்டணத்துக்கு ரயிலேறும்போது நாங்கள் ஒரு கூட்டம் பட்டணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த் திசையில் போவோம். கரி எஞ்சின். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, பெரிய வண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போகிற புது மருமகனைப் போல ஆற அமரப் போகும். அந்த நேரத்தைக் கொல்லத்தான் சீட்டு.

நாங்கள் மூன்று பேர். ரயிலில் யாருக்கும் பெயர் கிடையாது, ஏறுகிற ஊர்தான் பெயர். நான் மீஞ்சூரு. திருவொற்றியூரில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைக்கிறவன் ஒத்தியூரு. என் ஆலையில், என் பிரிவிலேயே, எனக்குச் சமமான பிட்டர். மூன்றாவது ஆள் கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவரை மட்டும் மாஸ்டர் என்போம். அவருடைய தோல்பெட்டியை மடிமேல் வைத்து, மேலே துண்டை விரித்தால் அதுதான் மேசை. சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் வைத்திருப்பார். ஜன்னலோரப் பலகையில் கணக்கு எழுதுவார். காசு வைத்து ஆடுவதில்லை என்பது மாஸ்டர் போட்ட சட்டம். தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும், அல்லது ஜன்னலோரத்தை விட்டுத்தர வேண்டும். அவ்வளவுதான் எங்கள் சூதாட்டம்.

ஆட்டம் ரம்மி. இருநூற்றொன்று. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கையிலும் சீட்டு முழுதும் முதலில் சேர்ந்தவன் 'ஷோ' காட்டுவான், தோற்றவனிடம் சேராமல் கிடக்கிற சீட்டுகளின் மதிப்பைக் கூட்டி அவன் தலையில் எழுதுவார்கள். இருநூற்றொன்றைத் தொட்டவன் வெளியே. கடைசிவரை தொடாதவன் ஜெயித்தவன். கை மோசமாக இருந்தால் ஆரம்பத்திலேயே ஸ்கூட் போடலாம். அதற்கு இருபத்தைந்து அபராதம். ஆடித் தோற்று எண்பது வாங்குவதற்கு இருபத்தைந்து மேல் அல்லவா? நான் அந்தக் கட்சி. சீட்டு கொஞ்சம் முகம் சுளித்தாலே கவிழ்த்துவிடுவேன். என்னை 'ஸ்கூட் மீஞ்சூரு' என்றே கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். பலமுறை அவர்கள் எண்பது எண்பதாக வாங்கி ஒழிந்தபிறகு, நான் இருபத்தைந்து இருபத்தைந்தாக ஊர்ந்து டீ குடித்திருக்கிறேன்.

ஆனால் ஆட்டத்தின் கடைசியில் இந்தப் புத்தி வேலை செய்யாது. இருநூற்றொன்றுக்குப் பக்கத்தில் போய்விட்டவன் ஸ்கூட் போட்டால், அந்த இருபத்தைந்திலேயே செத்துப்போவான். அதனால் அவனுக்கு ஸ்கூட் கிடையாது. குப்பை வந்தாலும் ஆடியே ஆக வேண்டும். அதைக் கம்பல்சரி என்போம். ஆரம்பத்தில் தன் சீட்டைப் பார்த்து ஆடினால் போதும். கடைசியில் எதிராளியின் கணக்கைப் பார்த்து ஆட வேண்டும். ஒரே சீட்டுதான், முதல் நாளில் கவிழ்க்க வேண்டியதாக இருக்கும், கடைசி நாளில் அதை வைத்துத்தான் வாழ வேண்டியிருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை தானாகக் கவிழ்க்கப் பார்க்கும்.

அதுவரை ஆலையில் பகலில் மட்டும்தான் வேலை. அந்த ஆனி மாதத்தில் ஃபோர்மேன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து உலை ராத்திரியும் அணையாது, பகலுக்கு ஒரு பிட்டர், ராத்திரிக்கு ஒரு பிட்டர் என்றார்.

"யார் பகல், யார் நைட்டுன்னு உங்களுக்குள்ள பேசிக்கினு அடுத்த வாரம் சனிக்கெயம சொல்லுங்க. எங்கிட்ட வந்து அழாதீங்க. சண்ட போட்டீங்கன்னா வெளியாள கொண்டாந்து பகல்ல போட்டுட்டு ரெண்டு பேரையும் நைட்டுக்குத் தள்ளிடுவேன்."

வெளியே வந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவனுக்கு ராத்திரி வேலை பரவாயில்லை என்று இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் கெட்ட காலம், இருவருக்குமே ராத்திரி ஆகாது.

என் கதை இது. அதற்கு முந்தைய வருடம் நான் வேறு ஒரு தொழிற்சாலையில் ராத்திரி வேலையில் இருந்தேன். என் மனைவிக்கு ஏழாம் மாதம். ராத்திரியில் வலி கண்டு, கூப்பிட ஆளில்லாமல், விடிகிறவரைக்கும் தரையில் கிடந்தாள். காலையில் நான் வந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தது. அவள் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டரம்மா. இப்போது மறுபடியும் ஆறாம் மாதம். தாய்வீடு பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம். தாய் இல்லை. அப்பனும் அண்ணன்களும் ராத்திரியானால் இறாலுக்கு வலை போடப் போய்விடுவார்கள். படகில் போகிற ஊருக்கு இவளை அனுப்பவே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றும் டாக்டரம்மா சொல்லிவிட்டார். ராத்திரி அவளை மறுபடியும் தனியாக விட நான் தயாராக இல்லை.

ஒத்தியூர்க்காரன் கதையும் லேசானதல்ல. அவனுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்கு நினைவு தடுமாறிப்போயிருந்தது. பகலில் தெருக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இருட்டினால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள், அதுவும் தண்டவாளத்தைப் பார்த்து. ஒருமுறை தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டுப் போயிருக்கிறார். அதற்கப்புறம் இவன் அம்மாவின் முந்தானையைத் தன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். ராத்திரி வேலைக்குப் போனால் அந்த முந்தானையை எதில் முடிவது?

மூன்று நாள் ரயிலில் பேசாமல் போனோம். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் நியாயம் கீது. நியாயத்த தராசுல போட்டா முள்ளு நட்டுக்கினு நிக்கும். சீட்டுப் போட்டுடுங்கபா. ஒரு வாரம், ஒரு இருநூத்தொண்ணு. நானும் ஒரு கை சேந்துக்கறேன். கடைசில எவன் நிக்கறானோ அவனுக்குப் பகல். அப்புறம் ஒருத்தர ஒருத்தர் திட்டக் கூடாது."

இன்று யாராவது கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எங்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. நேருக்கு நேர் நின்று 'என் பெண்டாட்டி முக்கியமா உன் அம்மா முக்கியமா' என்று கேட்பதைவிட இது கௌரவம். வீட்டில் சொன்னேன். அவள் மீன் அலசிக்கொண்டே, "எப்டியும் அந்த ரயில்ல சீட்டுதான் ஆடப் போறே, இதுக்காவது ஆடு" என்றாள். அவள் ஊரில் பெண்கள் புருஷனை நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். என் அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும்.

திங்களன்று ஆரம்பித்தோம். வியாழக்கிழமை பொன்னேரி தாண்டும்போது மாஸ்டர் ஒரே கையில் எண்பது வாங்கி வெளியே போனார். "அப்பாடா" என்று சொல்லிவிட்டு, சீட்டைக் கலைத்துப் போடுகிற வேலையையும் நடுவர் வேலையையும் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நானும் ஒத்தியூரும் மாறி மாறி வாங்கினோம். மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வருவதற்குள் எனக்கு முதுகில் சட்டை ஒட்டிவிட்டது. சனிக்கிழமை காலை நான் ஏறியபோது பலகையில் சாக்பீஸ் கணக்கு எழுதித் தயாராக இருந்தது. எனக்கு நூற்று எழுபத்திரண்டு. அவனுக்கு நூற்று எண்பத்தொன்று.

இந்த இரண்டு எண்ணைச் சுற்றித்தான் நான் ராத்திரி முழுக்கப் புரண்டிருந்தேன். அவன் ஒரு ஸ்கூட் போட்டாலும் வெளியே. ஆகவே அவன் கம்பல்சரி. எனக்கு ஒரே ஒரு ஸ்கூட் பாக்கி. போட்டால் நூற்றுத் தொண்ணூற்றேழு, உயிரோடு இருப்பேன், ஆனால் அதோடு நானும் கம்பல்சரி. அடுத்த கை இருவருக்கும் தலையா பூவா. நல்ல சீட்டு வந்தால் யோசிக்கவே வேண்டாம். ரொம்ப மோசமாக வந்தாலும் யோசிக்க வேண்டாம். நடுவாந்திரமாக வந்தால் என்ன செய்வது? அதுதான் கேள்வி. சாமி, நடுவாந்திரம் மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டுதான் வண்டி ஏறினேன்.

வண்டி அன்றைக்குப் பார்த்து கவரப்பேட்டைக்கு முன்னால் சிக்னலில் நின்றுவிட்டது. மெயில் வண்டிக்கு வழிவிட வேண்டுமாம். மாஸ்டர் சீட்டைப் போட்டார். நான் எடுத்து விரித்தேன்.

ஒரு ஜோக்கர். ஆர்ட்டினில் ராஜா, ராணி. கிளாவரில் ஐந்து, ஆறு. இரண்டு ஒன்பது. ஒரு இஸ்பேட் ராஜா. மிச்சமெல்லாம் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. ஜோக்கர் கலக்காத ஒரு வரிசை கையில் இருந்தால்தான் எதுவும் எதுவாகும். அது என்னிடம் இல்லை. வந்தாலும் வரும். வராவிட்டால் எண்பது. நான் பயந்த அதே நடுவாந்திரம்.

ஒத்தியூர்க்காரன் முகத்தைப் பார்த்தேன். அவன் சீட்டைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. மணிக்கட்டில் முடிச்சு இறுகிய தழும்பு. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னிடம் காட்டுவதற்கு என்ன தழும்பு இருக்கிறது?

கவிழ்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இருபத்தைந்தை வாங்கிக்கொண்டு அடுத்த கையைப் பார்ப்போம். சீட்டை அடுக்கி ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நின்றதில் பெட்டிக்குள் எல்லோரும் பொறுமை இழந்திருந்தார்கள். சிலர் தண்டவாளத்தில் குதித்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். கீரைக் கூடையோடு ஒரு பெண்மணி வழியில் வந்து நின்றாள். எங்கள் தோல்பெட்டியும் மூன்று பேர் முழங்காலும் சேர்ந்து அவளுக்கு வழியை அடைத்துக்கொண்டிருந்தன.

"இன்னா நைனா, எறங்கறியா இல்லியா? இல்லன்னா வயி வுடு."

நான் நிமிர்ந்து பார்க்காமலே, தினமும் சொல்கிற பழக்கத்தில், "எறங்கறேன், எறங்கறேன்" என்றேன்.

மாஸ்டர் கையிலிருந்த சீட்டுக்கட்டைத் துண்டின்மேல் வைத்தார். "சரி, மீஞ்சூரு எறங்கிட்டாரு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது. "நான் அந்தம்மாவுக்குச் சொன்னேன் மாஸ்டர்! வண்டிய விட்டு எறங்கறத சொன்னேன்!"

"கைல சீட்ட வச்சிக்கினு சொன்னீங்களா இல்லியா?"

வாயால் சொன்னது சொன்னதுதான் என்பது எங்கள் ரயிலின் சட்டம். முன்பு ஒருமுறை ஒத்தியூர்க்காரன் தும்மிக்கொண்டே 'ஸ்கூட்' என்று சொன்னபோது, 'சொன்னது சொன்னதுதான்' என்று கத்தியவனே நான்தான். எதிர் இருக்கையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அந்தப் பெண்மணி கேட்டதால்தான் சொன்னார் என்று ஒரு கட்சி. சீட்டு கையில் இருக்கும்போது இவரை யார் அந்தம்மாவோடு பேசச் சொன்னது என்று இன்னொரு கட்சி. கீரைக்காரம்மா, "இன்னாடா இது பேஜாரு, எறங்கறியான்னு கேட்டது ஒரு குத்தமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு வேறு வாசலைப் பார்த்துப் போய்விட்டாள்.

அப்போது ஒத்தியூர்க்காரன் வாயைத் திறந்தான்.

"விடுங்க மாஸ்டர். பாவம், அவரு வண்டிய விட்டு எறங்கறதத்தான் சொன்னாரு. ஸ்கூட் போடறதுன்னா போட்டுக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

யாரோ, "மனுசன்னா இவன்" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அவரே விட்டுட்டாரு. இன்னா மீஞ்சூரு, ஸ்கூட்டா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. இவன் ஏன் என்னை விடுகிறான்? கையில் நல்ல சீட்டு இருந்தால் இவனே 'சொன்னது சொன்னதுதான்' என்று குதிக்க மாட்டானா? என்னை உள்ளே இழுத்துப் போட்டு இந்தக் கையிலேயே முடித்திருக்க மாட்டானா? இவனுக்கு நான் இந்தக் கையை ஆடாமல் விடுவது வேண்டியிருக்கிறது. ஆடினால் செத்துவிடுவோம் என்று பயப்படுகிறான். இவன் கையில் ஒன்றும் இல்லை. என் நடுவாந்திரம் இவனுடைய குப்பையைவிட மேல்.

அவன் தர்மம் செய்தானா, தந்திரம் செய்தானா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் மனுஷன் பேசுகிறான்.

"இல்ல மாஸ்டர். சொன்னது சொன்னதுதான். எறங்கறேன்னா எறங்கறேன்" என்றேன்.

ஒத்தியூர்க்காரன் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தான். நான் கணக்குப் போட்டது சரி என்று அந்தப் பார்வை சொல்லியது.

ஆடினோம். நாலாவது சீட்டிலேயே எனக்கு ஆர்ட்டின் ஜாக்கி வந்தது. ஜோக்கர் கலக்காத வரிசை விழுந்துவிட்டது. கிளாவரில் ஏழு வந்தது. அவன் எதையோ எடுப்பதும் எறிவதுமாக இருந்தான். எறிந்ததெல்லாம் பெரிய சீட்டு. அவனிடம் இன்னும் ஒன்றும் சேரவில்லை. எனக்குக் கிளாவர் நாலும் வந்தது. ஜோக்கரையும் இரண்டு ஒன்பதையும் சேர்த்தேன். டைமன் ராஜா வந்தது. இஸ்பேட் ராஜாவோடு அதை வைத்தேன். இன்னும் ஒரே ஒரு ராஜாவோ ஜோக்கரோ வந்தால் முடிந்தது. மிச்சம் இருந்தது ஒரு பத்து, அதை எறிந்து ஷோ காட்டிவிடலாம்.

அந்த நேரத்தில் மெயில் வண்டி வந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் பெட்டி பெட்டியாக இரைந்துகொண்டு போயிற்று. எங்கள் பெட்டி ஆடியது. யாராலும் பேச முடியவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளேயே அவன் ஒரு சீட்டை எடுத்தான், பார்த்தான், அப்படியே உட்கார்ந்திருந்தான். மெயில் போய் முடிகிற வரைக்கும் அசையவில்லை. நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நீளமான வண்டியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சத்தம் அடங்கியதும் அவன் மெதுவாக ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "ஷோ" என்றான்.

மாஸ்டர் அவன் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் சரி. என் கையை வாங்கி எண்ணினார். இரண்டு ராஜா, ஒரு பத்து. ராஜாவுக்கும் பத்துதான் மதிப்பு. முப்பது. பலகையில் எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எல்லோருக்கும் கூட்டல் தெரியும். இருநூற்றிரண்டு.

"ஒன் கைல மொதல்ல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மீஞ்சூரு. எங்கம்மா சத்தியமா ஒண்ணுமே இல்ல. ரெண்டு ஜோக்கர் கட்டுலேந்து அப்புறமா வந்துச்சு." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். ஜெயித்தவன் அவன்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது, அவன்மேல் இல்லை. நான் அவனைச் சரியாகப் படித்தேன். சரியாக ஆடினேன். சரியாக ஆடித் தோற்பதுபோல ஒரு வயிற்றெரிச்சல் உலகத்தில் கிடையாது. தப்பாக ஆடித் தோற்றால் தன்னைத் திட்டிக்கொள்ளலாம். இதில் யாரைத் திட்டுவது? இத்தனை வருடம் கழித்தும் சொல்கிறேன், அதே சீட்டு, அதே கணக்கு, அதே எதிராளி என்றால் நான் மறுபடியும் இறங்குவேன்.

ஆலை வாசலில் ஃபோர்மேன், "யாருப்பா நைட்டு?" என்றார். "நான் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "போச்சா?" என்றாள். தலையாட்டினேன். காபி கொடுத்தாள். பிறகு அலமாரியிலிருந்து எங்கள் வீட்டுச் சீட்டுக்கட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். மழைக்காலத்தில் நான்தான் அவளுக்கு ரம்மி சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"இன்னா கை வந்துச்சுன்னு காட்டு."

தரையில் பரப்பிக் காட்டினேன். கீரைக்காரம்மா கேட்டது, நான் சொன்னது, அவன் விடுகிறேன் என்றது எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அவுரு உட்டுட்றேன்னு சொன்னப்புறம் எறங்குனியா?"

"ஆமா."

"அவுரு கைல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிக்கினுதானே?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் ஆடிக்கீறே" என்றாள். சீட்டையெல்லாம் வாரி அடுக்கினாள். பிறகு தன் வயிற்றைக் காட்டிச் சிரித்தாள். "ஒனக்காவது ஒரு ஸ்கூட் இருந்துச்சு. எனக்கு அதும் கெடையாது. கைல வந்துடுச்சு, கவுக்க முடியாது. கம்பல்சரி. ஆடித்தான் ஆவணும்."

என்னால் சிரிக்க முடியவில்லை. எதில் விளையாடுவது என்று ஒரு வரைமுறை இல்லையா என்று கத்தினேன். காபி டம்ளரை எட்டி உதைத்தேன். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். அவள் டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

ஆடி பிறந்தது. ராத்திரி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். வலி வந்தால் சொம்பால் சுவரை இடிப்பது, பக்கத்து வீட்டம்மா ஓடிவருவது என்று ஏற்பாடு. முதல் நாளே மூன்று முறை இடித்துப் பழகிப் பார்த்தோம். சுண்ணாம்பு உதிர்ந்தது. அந்த அம்மா மூன்று முறையும் ஓடிவந்தார். அப்படியும் உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் என் காது அந்தச் சுவரில்தான் இருக்கும்.

வேலை முடிந்து திரும்புகிற காலைகள்தான் கொடுமை. மீஞ்சூரில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, ரைஸ் மில் மூலை திரும்பினால் எங்கள் வாசல் தெரியும். வாசலில் கோலம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அவள் எழுந்து நடமாடுகிறாள் என்று அர்த்தம். அதுவரைக்கும் மூச்சை இழுத்துப் பிடித்திருப்பேன். ஒருநாள் அவளிடம் இதைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மூலையிலிருந்தே தெரிகிற மாதிரி பெரிதாகப் போட ஆரம்பித்தாள். ஒன்பதாம் மாதத்தில் குனிய முடியாமல், நின்றபடியே மாவைக் கொட்டி நாலு கோடு இழுத்துவைத்தாள். அது கோலமா, மூட்டை ஓட்டையாகிச் சிந்தின மாவா என்று தெரியாது. எனக்கு அது போதும்.

புரட்டாசியில் ஒரு காலை மூலை திரும்பினேன். வாசல் வெறுமையாக இருந்தது.

கதவில் பூட்டு. பக்கத்து வீட்டிலும் பூட்டு. கேட்பதற்கு ஆள் இல்லை. பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "பெரசவ ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போனாங்கபா, வண்டி கட்டிக்கினு" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். நான் நடந்தேன். எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. போய்ச் சேராத வரைக்கும் எதுவும் நடந்திருக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியில் தெரிந்தவர் ஒருவர் நின்று கும்பிட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டம்மா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். புடவையில் ரத்தக்கறை. எழுப்பவில்லை. அறை வாசலில் ஒரு பச்சைத் திரை. உள்ளே குழந்தை அழுகிற சத்தம் இல்லை. காது கொடுத்துக் கேட்டேன், எந்தச் சத்தமும் இல்லை. திரையை விலக்கக் கை வரவில்லை. போன வருடம் நான் பார்த்ததை மறுபடியும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஆயா ஒருத்தி முறைத்துவிட்டுப் போனாள்.

திரைக்கு அடியில் என் செருப்பு தெரிந்திருக்க வேண்டும்.

"யோவ்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. களைத்துப்போன, கட்டிப்போன குரல். "சீட்ட கவுத்து வச்சிக்கினு எம்மா நேரந்தான் நிப்பே? வந்து எட்த்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். பெண். தூக்கம் கலைந்து, கண்ணைத் திறக்காமலே அழ ஆரம்பித்தாள். நானும்தான்.